தோதோவும் கோகோவும்

எங்கள் ஊரில் மகெரிதாவுக்கு இரண்டு பெயர். படகுத்துறைக்குப் போகிற சாலையில் உள்ள பெட்ரோல் பங்கில் அவள் மகெரிகா. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மகெரிதா. ஆள் ஒன்றுதான். எங்கள் சாமோவா மொழி அப்படி. வீட்டிலும் தெருவிலும் 'க' என்று பேசுவதைக் கடவுளிடமும் போதகரிடமும் பேசும்போது 'த' என்று மாற்றிச் சொல்ல வேண்டும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஜெபம் என்றதும் நாக்கு தானாக மாறிவிடும். மாறாவிட்டால் முதுகில் விழும்.

மகெரிதாவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நல்ல உயரம். வண்டிக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டே சாலையின் அந்தப் பக்கம் போகிறவர்களை வம்புக்கு இழுப்பாள். "டேய், உன் வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு நீ ஒரு திமிங்கலத்தையே வளக்கலாம்டா!" என்று அவள் கத்தினால் மீன் சந்தை வரை கேட்கும். சனிக்கிழமை சாயங்காலம் எலுமிச்சை இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துப் பெட்ரோல் வாசனையைப் போக்கப் பார்ப்பாள். முழுதாகப் போகாது. மறுநாள் ஆலயத்தில் பிள்ளைகள் அவள் கையை மோந்துபார்த்து, இன்றைக்குப் பெட்ரோலா டீசலா என்று பந்தயம் கட்டுவார்கள்.

ஆலயத்தில் இடப்பக்கத்து முன்வரிசைகள் பிள்ளைகளுடையவை. அவர்கள் அப்பா அம்மாவோடு உட்காரக் கூடாது. அவர்களைப் பார்த்துக்கொள்ள நடுவரிசை ஓரத்தில் ஒருவர் கம்போடு உட்கார்ந்திருப்பார். தூண்டில் கழி மாதிரி நீளமான, காய்ந்த மூங்கில் கம்பு. தூங்கினால் தலையில் ஒரு தட்டு. பேசினால் தோளில் ஒரு தட்டு. சிரித்தால் இரண்டு இடத்திலும். ரொம்ப காலம் அந்தக் கம்பு ஃபிலிப்போ என்கிற பெரியவர் கையில் இருந்தது. அவர் மகனோடு ஆக்லாந்துக்குப் போய்விட்டதும் பெண்கள் சங்கம் கூடி அதை மகெரிதாவிடம் கொடுத்தது. காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்கள்.

"உனக்குத்தான் மடியில பிள்ளை இல்லையே. கை சும்மாதானே இருக்கு."

"கை சும்மா இருக்கும். வாய் சும்மா இருக்காது. பரவாயில்லையா?" என்று மகெரிதா கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உண்மையைத்தான் சொல்கிறாள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பாடகர் குழுவின் இடம் பிள்ளைகளுக்கு நேர் பின்னால். நான் அதில் ஒருவன். பள்ளி முடித்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறேன். வளர்ந்த எனக்கே பிரசங்கம் நீளம். ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மகெரிதா செய்ததையெல்லாம் நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன்.

முதலில் அவள் கம்பைத் தரையில் படுக்கப் போட்டாள். ஆளுக்கொரு புதினா மிட்டாய் கொடுத்தாள். ஜெபத்தின் நடுவே எல்லோரும் ஒரே நேரத்தில் காகிதத்தைப் பிரித்தார்கள். தகரக் கூரையில் மழை விழுந்தது போல இருந்தது. அதோடு மிட்டாய் நின்றது. அடுத்து வேலை கொடுத்தாள். ஒரு பிள்ளை ஜன்னல் கண்ணாடிகளைத் திறக்கும். ஒன்று பாட்டு எண்ணைப் பலகையில் மாட்டும். உள்ளே வரும் நாய்களை விரட்டும் வேலைக்குத்தான் அடிதடி. ஒரு வாரம் சிமி என்கிற பையன் தன் வீட்டு நாயையே ரொட்டி காட்டி உள்ளே வரவழைத்து, பிறகு விரட்டினான். இப்படியாகப் பாட்டும் காணிக்கையும் ஒருவழியாக ஓடிவிடும். பிரசங்கம் தொடங்கியதும் தலைகள் சாயும், கால்கள் ஆடும், யாராவது யாரையாவது கிள்ளுவார்கள்.

எங்கள் போதகர் செதெஃபானோ நல்ல மனிதர். வேதக் கல்லூரியில் படித்தவர். அவருடைய ஆலயப் பேச்சு மிகச் சுத்தம். பெரியவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அது கடலுக்கு அப்பாலிருந்து வரும் வானொலி மாதிரி.

ஒரு ஞாயிறு அவர் சபையை மந்தை என்றும் நம்மை ஆடுகள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். சிமி பின்னால் திரும்பினான். "மகெரிகா அத்தை, ஆடுன்னா கடையில ஃப்ரீசர்ல இருக்குமே, அதுவா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. எங்கள் தீவில் உயிரோடு ஆட்டைப் பார்த்த பிள்ளை கிடையாது. நியூசிலாந்திலிருந்து பெட்டியில் உறைந்து வரும் கொழுப்பு விலாதான் எங்களுக்கு ஆடு.

மகெரிதா அவன் தலையைத் தட்டவில்லை. முன்னால் குனிந்து மெல்லச் சொன்னாள். "அதுக்கு முன்னாடி அது நடக்கும்டா. நாலு காலு. ஒண்ணு எங்க போகுதோ எல்லாம் அங்கயே போகும், நம்ம ஊர் ஆளுங்க கப்பலுக்கு ஓடுற மாதிரி. அதனாலதான் ஒருத்தர் கூடவே இருந்து பாத்துக்கணும்னு சொல்றாரு."

அதை அவள் வீட்டுப் பேச்சில் சொன்னாள், 'க' போட்டு. பக்கத்திலிருந்த தலைகள் திரும்பின. பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் சாய்ந்தார்கள். "அப்புறம்?" என்றது ஒன்று. போதகர் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். அன்றைக்கு யாரும் யாரையும் கிள்ளவில்லை.

அதுவே வழக்கமானது. பிரசங்க நேரத்தில் பிள்ளைகளின் வரிசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், படகில் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்த மாதிரி. போதகரின் குரல் மேலே போகும். அதற்கு அடியில் மகெரிதாவின் குரல் முணுமுணுவென்று ஓடும்.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறாள் என்று பாட்டுப் பயிற்சி முடிந்த ஒரு நாள் கேட்டேன். ஆலயத்தின் பக்கவாட்டுப் படியைக் காட்டினாள்.

"சின்னதுல நான் நெளிவேன். ஃபிலிப்போ என்னைக் காதப் புடிச்சு அந்தப் படியில உக்கார வச்சுடுவாரு. வாரா வாரம். படியில உக்காந்தா பிரசங்கம் கேக்காதுடா, அதோட ராகம் மட்டும்தான் கேக்கும். பெரியவளானப்புறம் எதுக்கு உள்ள போகணும்னே தெரியல. போகல. அம்மா செத்தப்பதான் திரும்ப வந்தேன். அன்னிக்கும் ராகந்தான் கேட்டுச்சு."

"இப்ப?"

"இப்ப இதுங்களுக்குச் சொல்றதுக்காகவாவது கேட்டுத்தொலைக்கறேன்" என்று சிரித்தாள்.

வம்பு சிமியால் வந்தது. அவனுடைய தாத்தா யகோபோ எங்கள் சபை மூப்பர். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது, இன்றைக்குப் போதகர் என்ன சொன்னார் என்று யாரோ சும்மா கேட்க, சிமி தொண்டையைச் செருமிக்கொண்டு முழுப் பிரசங்கத்தையும் சொல்லிவிட்டான். அதுவும் அடுப்படிப் பேச்சில். நடுவில் பெட்ரோல் பங்கு உதாரணங்களோடு. கடைசியில், "நீங்க தூங்கிட்டீங்க தாத்தா, அதான் உங்களுக்குத் தெரியல" என்றும் சொன்னானாம்.

மறுநாள் யகோபோவின் வண்டி பங்கில் வந்து நின்றது. நான் அங்கே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

"மகெரிகா, ஆண்டவர் வீட்ல நீ என்ன பேச்சும்மா பேசற?"

"எவ்ளோக்குப் போடணும், சொல்லுங்க மூப்பரே."

"பேச்ச மாத்தாத. சந்தையில கிழங்கு விக்கற மாதிரி பேசறியாமே, பிரசங்கத்த."

"நீங்க இப்ப எந்தப் பேச்சு பேசறீங்களாம்?"

"இது பெட்ரோல் பங்கு!"

"ஓ, இந்தப் பக்கம் ஆண்டவரு வரமாட்டாரா?"

யகோபோ கதவைத் திறந்து இறங்கினார். கோபமாக இருந்தாலும் அவர் கத்தவில்லை. "இங்க பாரும்மா. உன் மனசு கெட்டதில்ல, எனக்குத் தெரியும். ஆனா உள்ள சத்தம். அதுவும் அந்தப் பேச்சு. ஆக்லாந்துல எல்லாம் பிள்ளைங்களுக்குத் தனி ரூமு. நம்ம ஆலயத்துக்குப் பின்னால கொட்டகை சும்மா கெடக்கு. பிரசங்க நேரத்துல பிள்ளைங்க அங்க போகட்டும். படம் வரையட்டும், பாட்டு பாடட்டும். நீயும் சமையல் பக்கம் ஒத்தாசை பண்ணலாம்."

மகெரிதா பெட்ரோல் குழாயை இடத்தில் மாட்டினாள். "கொட்டகைக்குப் போற வழி எது மூப்பரே?"

"பக்கவாட்டுப் படி வழியாத்தான்."

"அப்ப வேணாம்" என்றாள். "அந்தப் படியில ஒரு பிள்ளையும் எறங்காது. நான் கம்ப வச்சிருக்கற வரைக்கும்."

விஷயம் போதகரிடம் போனது. அவர் இரண்டு பக்கமும் கேட்டார். அக்டோபரில் வெள்ளை ஞாயிறு வருகிறது, அதுவரை இப்படியே இருக்கட்டும் என்றார். அது பிள்ளைகளின் ஞாயிறு. எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி, ஒவ்வொருவராக எழுந்து மனப்பாட வசனம் சொல்வார்கள். "இந்த வருடம் வசனம் முடிந்ததும் நானே சில கேள்விகள் கேட்கிறேன். உள்ளே உட்கார்ந்து ஏதாவது அறிந்திருக்கிறார்கள் என்றால் உள்ளேயே இருக்கட்டும். இல்லையென்றால் கொட்டகை" என்று முடித்தார்.

மகெரிதா அதற்குப் பிறகு பங்கில் அதிகம் கத்தவில்லை. வண்டிக்காரர்கள், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் மனைவி, "யாரோ பெத்த பிள்ளைங்க, எங்க உக்காந்தா உனக்கென்ன?" என்றாளாம்.

வெள்ளை ஞாயிறுக்கு முந்தின வாரம் திருவிருந்து இருந்தது. போதகர் ஆண்டவர் நமக்காகச் சிந்திய இரத்தத்தைப் பற்றிப் பேசினார். இரத்தத்துக்கு எங்கள் சொல் தோதோ. வீட்டுப் பேச்சில் 'த' எல்லாம் 'க' ஆகும் இல்லையா, அப்போது அது கோகோ. தினமும் காலையில் வறுத்து இடித்துக் காய்ச்சிக் குடிக்கிற கோகோவுக்கும் பெயர் கோகோதான். பெரியவர்களுக்கு இடத்தைப் பார்த்து எது என்று புரிந்துவிடும்.

மகெரிதா வழக்கம் போலக் குனிந்து, "நமக்காகத் தன்னோட கோகோவையே குடுத்துட்டாரு. எல்லாருக்கும் குடுத்தாரு. தனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வச்சுக்கல" என்றாள்.

பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். மீன் பிடிக்கிறவரின் மகள் லூப்பே, முன்பல் விழுந்தவள், வாயைத் திறந்தபடி கேட்டாள். அவள் காதில் என்ன விழுந்தது என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

வெள்ளை ஞாயிறு அன்று விடியும் முன்னே எல்லா வீட்டிலும் கல்லடுப்புப் புகை. ஆலயம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் கஞ்சி போட்ட வெள்ளை உடையில், கழுத்தைத் திருப்ப முடியாமல், வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். மகெரிதாவும் வெள்ளை. கம்பை மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எலுமிச்சை இலை வாசனை எனக்கு வரைக்கும் வந்தது.

வசனங்கள் நன்றாகப் போயின. சிமி தன்னுடையதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டான். பிறகு போதகர் பீடத்திலிருந்து கீழே இறங்கி வந்து பிள்ளைகளின் முன்னால் நின்றார்.

"பிள்ளைகளே, ஆண்டவர் நமக்காக எதைக் கொடுத்தார்?"

போதகர் இவ்வளவு பக்கத்தில் நின்று அவர்கள் பார்த்ததில்லை. யகோபோ தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லூப்பே கையைத் தூக்கினாள். எழுந்து நின்றாள்.

"கோகோ!"

சபை முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. பதில் சரி. ஆனால் ஆலயத்தில், வெள்ளை ஞாயிறு அன்று, போதகர் முகத்துக்கு நேராக, அந்தச் சொல் அடுப்படிப் பேச்சில்! கைவிசிறிகள் நின்றுவிட்டன.

போதகர் பொறுமையாகத் திருத்தினார். "தோதோ, மகளே. தோதோ என்று சொல்ல வேண்டும்."

லூப்பே தலையை ஆட்டினாள். "இல்லீங்கய்யா. கோகோ. சக்கர போட்டது."

பிறகு பின்வரிசையில் யாரோ தும்மல் போல ஆரம்பித்தார்கள். அது பரவியது. பாடகர் குழுவில் நாங்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டோம். லூப்பேயின் அப்பா நாற்காலிக்குள் புதைந்தார். யகோபோ எழுந்துவிட்டார். "யார் இதைக் கற்றுக்கொடுத்தது?" என்றார், சுத்தமான ஆலயப் பேச்சில்.

மகெரிதாவும் எழுந்தாள். "நான்தான்" என்றாள். குரல் சன்னமாக இருந்தது. "அந்தச் சொல்லை நான் 'த' போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை மேல் தப்பில்லை."

அவள் கம்பைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள், திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

எல்லோரும் சிரிப்பதும் மகெரிதா நிற்பதும் ஏன் என்று லூப்பேவுக்கு விளங்கவில்லை. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். உதடு துடிக்க ஆரம்பித்தது. போதகர் அதைப் பார்த்துவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார். இந்த முறை அவர் கேட்டது மெல்லிய குரலில். ஒலிபெருக்கி இல்லை. ஆனால் முன்வரிசைகளுக்குக் கேட்டது, எங்களுக்கும் கேட்டது. வீட்டுப் பேச்சில் கேட்டார்.

"சரிம்மா, கோகோதான். அதுல என்ன இருக்கு? எல்லார் வீட்லயும்தான் கோகோ தராங்க."

"அவரு எல்லாத்துக்கும் பெரியவரு" என்றாள் லூப்பே. "பெரியவங்கதான மொதல்ல குடிப்பாங்க. நாங்க கடைசியில குடிப்போம், அடியில மண்டிதான் இருக்கும். அவரு பெரியவரா இருந்துட்டு எல்லாருக்கும் மொதல்ல ஊத்திட்டாரு. அவருக்கு மண்டி கூட வரல."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். எங்கள் ஊரில் எந்தச் சாப்பாட்டிலும் போதகரும் மூப்பர்களும் முதலில் உண்பார்கள். இளையவர்கள் பரிமாறிவிட்டு, அவர்கள் முடித்த பிறகு மிச்சத்தில் உட்காருவோம். அது மரியாதை. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை, லூப்பேயும் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொன்னாள்.

போதகர் அவள் தலையில் கை வைத்தார். "உட்காரும்மா" என்றார். அடுத்த பிள்ளையிடம் வேறு கேள்விக்குப் போனார். அதற்கு மேல் அதைப் பற்றி அங்கே ஒன்றும் பேசவில்லை. யகோபோ எப்போது உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. கம்பு இருக்கையிலேயே கிடந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் கூடத்துக்குப் போனோம். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் ஊரில் சாப்பாடு தலைகீழ். பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள், பெரியவர்கள் பரிமாறுவார்கள். மூப்பர்கள் கூடத் தோளில் துண்டோடு தட்டுத் தூக்குவார்கள். சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த இலை, சுட்ட பன்றி, கேக். கடைசியில் பெரிய பானையில் கோகோ.

கோகோ ஊற்றுவது யகோபோவின் வேலை. வருடா வருடம் அவர்தான். அன்று பேசாமல் ஊற்றிக்கொண்டே வந்தார். பிள்ளைகளுக்கு முடித்து, பெண்களுக்கு முடித்து, எங்களுக்கும் முடித்தார். மகெரிதா கூடத்தின் மூலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை, யாரும் பக்கத்தில் போகவும் இல்லை. கடைசியில் யகோபோ பானையைச் சாய்த்துத் தன் கோப்பையில் ஊற்றினார். கறுப்பாக மண்டிதான் விழுந்தது.

லூப்பே அவர் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்தாள். "உங்களுக்கும் மண்டியா?"

யகோபோ கோப்பையைப் பார்த்தார். பிறகு அதைக் குடித்தார், மென்று. எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்பையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் மகெரிதாவின் வாளியில் போட்டார்.

"அந்தக் கொட்டகைக்குக் கூரை சரியில்ல" என்றார். "மாத்தணும். அதுவரைக்கும் பிள்ளைங்க உள்ளயே இருக்கட்டும்."

"கூரை நல்லாத்தானே இருக்கு தாத்தா, நேத்துதான் நாங்க ஏறி..." என்று ஆரம்பித்த சிமியின் வாயை அவன் அம்மா கையால் பொத்தினாள்.

"எப்ப மாத்துவீங்க மூப்பரே?" என்று கேட்டாள் மகெரிதா. கை தண்ணீரில்தான் இருந்தது.

"தகரம் வெலை எறங்கட்டும்." அவர் இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "ஆனா அந்த ஒரு சொல்லு மட்டும்..."

"தோதோ."

"தோதோ" என்றார் அவரும், தலையாட்டி. "கம்ப அங்கயே விட்டுட்டு வந்துட்ட. நாய் தூக்கிட்டுப் போயிடப் போகுது. எடுத்து வை."

கூரை இன்னும் மாற்றவில்லை. இப்போதும் பிரசங்க நேரத்தில் பிள்ளைகளின் வரிசை ஒரு பக்கமாகச் சாய்கிறது. திருவிருந்து ஞாயிறுகளில் மகெரிதா வீட்டுப் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல் வரும் இடத்தில் நிறுத்துவாள். கம்பால் தரையில் ஒரு தட்டு. 'த' போட்டு அந்த ஒரு சொல். மறுபடி ஒரு தட்டு, மறுபடி வீட்டுப் பேச்சு.

முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று, தோதோ என்றால் என்ன என்று அவள் லூப்பேவுக்கு விளக்கினாள். கையில் காயம் பட்டால் வருமே, அது என்று. லூப்பே வெகுநேரம் யோசித்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப கோகோ யாரு குடுத்தது?"

"மரம் யாரோடதுடி?" என்றாள் மகெரிதா. "அதுவும் அவருதான். திரும்பி உக்காரு, ஜெபம் பண்றாங்க."